பூட்டிய மெஷினில் உள்ளாள்

ஆடி மாசம் முதல் செவ்வாய்க்கிழமை, தோணிமலையில் மழை பிடித்து நாற்பத்தோராவது நாள், எங்கள் லைனுக்குப் பொதுவாக இருந்த வாஷிங் மெஷினுக்குள் ஓர் ஆள் குடியிருக்கிறான் என்றும், துவைக்கப் போடுகிற துணியையெல்லாம் ஒரு தடவை உடுத்திப் பார்த்துவிட்டுத்தான் திருப்பித் தருகிறான் என்றும் தெரியவந்தது. யாரும் அலறவில்லை. எங்கள் லைனில் அலறுவதற்கெல்லாம் யாருக்கும் நேரம் கிடையாது.

நான் சுகிர்தா. பதினொண்ணாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஏன் விட்டேன் என்பது இந்தக் கதையில் வராது, அதனால் கேட்காதீங்க. ஊருக்கு வெளியே டூரிஸ்ட்டுகள் தங்குகிற விடுதியில் துணி துவைக்கிற வேலை எனக்கு. அங்கே இதே மாதிரி, முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு வைத்த மெஷின் ரெண்டு இருக்கு. அதனால் மெஷினைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். ஆளைப் பற்றி நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் லைனில் பதினொரு வீடு. எஸ்டேட் மூடி ரொம்ப வருஷம் ஆகிறது, வீடுகளைப் பஞ்சாயத்து எடுத்துக்கொண்டது, குடியிருக்கிறவர்கள் குடியிருக்கிறோம். இந்த ஊரில் வைகாசி கடைசியில் நனைத்த துணி ஐப்பசியில்தான் காயும் என்று சொல்வது பாதிதான் பொய். அடுப்புக்கு மேலே கொடி கட்டி, புகை நாத்தத்தோடு உடுத்திக்கொண்டு போகிற சனங்கள் நாங்கள். அதனால் மகளிர் குழுவுக்கு அந்த மெஷின் வந்தபோது, குழாயடிக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் சுற்றி, நாளுக்கு ரெண்டு வீடு என்று வரிசை எழுதிச் சிலேட்டுப் பலகையைத் தொங்கவிட்டார்கள். எங்களுடையது பதினொண்ணாவது வீடு. எங்களுக்கு வியாழக்கிழமை.

ரெண்டு வியாழக்கிழமைதான் ஓடியது.

என் அம்மா பேர் சொர்ணம். கவர்மென்ட் ஆஸ்பத்திரி பிணவறையில் பதினாலு வருஷமாக வேலை. லாட்ஜில் செத்தவன், பள்ளத்தில் வேன் உருண்டு செத்தவன், தேடி யாருமே வராதவன், எல்லாரையும் குளிப்பாட்டி, தலைவாரி, துணி சுற்றி அனுப்புகிறவள் அவள்தான். அவளுடைய பச்சை வேலைச்சேலை மெஷினுக்குள் சுற்றுவதை எட்டாம் வீட்டு நிர்மலாக்கா கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டாள். மறுநாள் குழுத் தலைவி இந்திராணி அக்கா ஒரு நாய்ச் சங்கிலியைக் கொண்டுவந்து, மெஷினைப் பார்சல் மாதிரி மூன்று சுற்றுச் சுற்றி, கதவுக்கு நேராகப் பூட்டுப் போட்டாள். சாவியைத் தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டாள்.

"சொர்ணக்கா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். "உங்களுக்கு இல்லேன்னு சொல்லல. அந்தத் துணிய மட்டும் தனியாப் பாத்துக்கங்க."

அம்மா சரி என்றாள். அம்மா எதற்கும் சரி என்றுதான் சொல்வாள். எனக்குத்தான் பத்திக்கொண்டு வந்தது.

பூட்டியதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. எங்கள் துணி பட்ட தீட்டுப் போக ஒவ்வொரு நடைக்கும் முன்னால் டிரம்முக்குள் மஞ்சத்தண்ணி தெளித்தார்கள், பவுடரை ரெண்டு மடங்கு போட்டார்கள், வாசனைத் திரவத்தைக் குவளை குவளையாக ஊற்றினார்கள், கரண்டு இழுக்கும் என்று சுடுதண்ணி வைக்காமல் பச்சைத்தண்ணியிலேயே ஓட்டினார்கள், ஓட்டி முடித்ததும் ரப்பரில் தேங்கிய தண்ணியைத் துடைக்காமல், நாங்கள் வந்துவிடுவதற்குள், அவசர அவசரமாகக் கதவைச் சாத்திச் சங்கிலி போட்டார்கள்.

"அக்கா, இந்த மெஷினுக்குக் கதவு திறந்தேதான் கெடக்கணும்" என்று நான் போய்ச் சொன்னேன். "இல்லேன்னா ரப்பர் மடிப்புல பூசணம் புடிக்கும். அப்புறம் எல்லார் துணியும் நாறும்."

"தொறந்து போட்டா எவ வேணா துணியக் கொண்டாந்து திணிப்பா."

"எவ வேணான்னா யாரு? நாங்கதான?"

"நீ ஏன்டி உன்னையச் சொல்லிக்கிற? நான் பொதுவாச் சொன்னேன்."

பொதுவாச் சொன்னாளாம்.

முதலில் வெளியே வந்தது ரிட்டயர்டு கண்டக்டர் சுப்பையா மாமாவின் வெள்ளைச் சட்டை. கசங்கிச் சுருண்டு வரவேண்டிய சட்டை, கழுத்து வரைக்கும் பட்டன் போட்டு, முழங்கை மடிந்த இடத்தில் வரி விழுந்து, காலரில் வேர்வைக் கோடு ஓடி, அக்குளில் கடுகு தெளித்த மாதிரி கறுப்புப் புள்ளிகளோடு வந்தது. ஈரமாகத்தான் இருந்தது. ஆனால் இப்போதுதான் ஒருத்தன் கழற்றிக் கொடுத்த மாதிரி உள்பக்கம் சூடாக இருந்தது. மாமா அதை மோந்து பார்த்தார், தன் தோளில் வைத்து அளந்து பார்த்தார்.

"எவனோ போட்டிருக்கான்யா. என்னைய விட ரெண்டு இஞ்சு ஒசரம். பாரு, கை பத்தாம மணிக்கட்டுல இழுத்து விட்டிருக்கான்."

அன்றைக்கே நிர்மலாக்காவின் ஜாக்கெட் எல்லா ஊக்கும் தெறித்து வந்தது. அவள் பையனுடைய யூனிபார்ம் டவுசர் தையல் விட்டு வந்தது.

"பாவம், அளவு தெரியாத பய" என்று மாமா சிரித்தார்.

"சிரிக்காதீங்க மாமா, புது ஜாக்கெட்டு! தீபாவளிக்குத் தச்சது!"

இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு வாரத்துக்குள் அவனுக்கு உள்ளாள் என்று பேர் வைத்தாகிவிட்டது, பேர் வைத்த பிறகு அவன் யாரோ இல்லை என்றாகிவிட்டது, யாரோ இல்லை என்ற பிறகு அவனுக்குச் செய்யவேண்டியதைச் செய்யாமல் இருக்க முடியவில்லை. நல்ல துணியைக் கெடுக்காமல் இருக்கட்டும் என்று ஆளுக்கொரு பழைய உருப்படி சேர்த்துப் போட்டார்கள். கிழிந்ததை அவன் தொடவில்லை. புது பனியன் ஒன்று போட்டார்கள். அதை மட்டும் உடுத்திக்கொண்டு ரெண்டு நாள் மற்ற துணியை விட்டுவைத்தான். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் கொட்டகையைத் தாண்டும்போது "உள்ளாளு மாமா, போய்ட்டு வர்றோம்" என்று சொல்லிவிட்டுப் போயின. ஆடிப்பெருக்குக்குச் சித்திரான்னம் செய்தபோது ஓர் இலை மெஷின்மேல் வைத்தார்கள். கடைசியில் சிலேட்டுப் பலகையில், அழித்து வெறுமையாகக் கிடந்த வியாழக்கிழமைக்கு நேராக, சாக்பீசால் அவன் பேரை எழுதினார்கள்.

எங்கள் வியாழக்கிழமை. உயிரோடிருக்கிற எங்களுக்கு இல்லாத இடம், இருக்கிறானா இல்லையா என்று தெரியாத ஒருத்தனுக்குக் கிடைத்துவிட்டது. அம்மாவிடம் சொன்னேன். "அவனுக்கு ஆள் இல்ல போல, விடு" என்றாள். அவளுக்கு அதுதான் முதலில் தோன்றியது.

இந்திராணி அக்கா சங்கதி வேறு. அவள் புருஷன் தவமணி அண்ணன் ரெண்டு வருஷத்துக்கு முன்னால் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு என்று போனவர். போனும் இல்லை, ஆளும் இல்லை. அவருடைய சட்டை ஆறு, பெட்டியில் மடித்தது மடித்தபடி கிடந்தது. அழுக்கே ஆகாத சட்டையை யாராவது துவைப்பார்களா? அவள் மெஷினில் போட்டாள். ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்தாள். முழங்கையில் வரி விழுந்து, காலரில் கோடு ஓடி, உள்ளே சூட்டோடு வந்த சட்டையை வீட்டுக்குள் ஆணியில் மாட்டி, அதற்கு எதிரே உட்கார்ந்து சோறு சாப்பிட்டாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒட்டுக்கேட்கவில்லை, போகிற வழி அது. "இன்னைக்கு ஷிப்டு ஜாஸ்தியா?" என்று சட்டையிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் அந்தச் சாவி எங்களை வெளியே நிறுத்துவதற்காக இல்லை. அவனை உள்ளே நிறுத்துவதற்காக.

ஆவணி பிறந்ததும் அவன் மாறினான். காலையில் தண்ணி பிடிக்கப் போனவர்கள், கண்ணாடியில் உள்பக்கமாக மூச்சு படிந்திருப்பதையும், அதன் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு யாரோ துடைத்து வெளியே பார்த்திருப்பதையும் பார்த்தார்கள். முழுக்கைச் சட்டைகள் எல்லாம் கை நுனி நைந்து வந்தன, கதவைச் சுரண்டிச் சுரண்டி நைந்தது போல. காலரில் ஓடிய கோடு வேர்வை நிறம் போய்க் கறுப்பானது. துணியில் சூடு போய், பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த வாடை வந்தது. மழை கொஞ்சம் ஓய்ந்த நேரங்களில் சங்கிலி கிணுகிணு என்று ஆடும் சத்தம் கேட்டது; காற்று என்று எல்லாரும் சொன்னார்கள்; காற்று இல்லாதபோதும் அதையே சொன்னார்கள். நிர்மலாக்கா பையனுக்கு மூச்சு இழுத்தது. மாமாவுக்கு முதுகெல்லாம் படை. பத்து வீட்டிலும் சொறிகிற சத்தம். எங்களுக்கு ஒன்றும் இல்லை, நாங்கள் கல்லில் துவைத்து அடுப்புக்கு மேலே காயவைத்தவர்கள்.

அதுதான் வினையாகிப் போனது.

"பதினொண்ணாம் வீட்டுக்கு மட்டும் ஒண்ணும் ஆகல பாத்தீங்களா" என்று நிர்மலாக்கா ஆரம்பித்தாள். "அவங்க கொண்டாந்து விட்டது, அவங்கள ஒண்ணும் செய்யாது. அந்தப் பச்சைச் சேலையில ஏறித்தான் வந்திருக்கான்."

ரெண்டு நாளில் பத்து வீடும் பேசி முடித்துவிட்டது. ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு அம்மா கொட்டகைக்கு வந்து, மெஷின் முன்னால் நின்று, 'நீ என்னோட வந்தவன், என்னோட வா' என்று எல்லார் காதிலும் விழச் சொல்லி அவனைக் கூட்டிக்கொள்ளவேண்டும். மாசக் கடைசியில் வீட்டைக் காலி செய்யவேண்டும். சொல்ல மாட்டேன் என்றால் பத்து வீடும் கையெழுத்துப் போட்டுப் பஞ்சாயத்தில் கொடுத்து அன்றைக்கே காலி செய்யவைப்பார்கள். இதைச் சொல்ல வந்தது சுப்பையா மாமா. வாசலில் குடையை மடக்காமலே நின்று சொன்னார்.

அம்மா கோபப்பட்டு நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அண்ணே, வீட்டப் பத்திப் பேசுங்க, கேட்டுக்கறேன். என் வேலையப் பத்திப் பேசாதீங்க. நான் குளிப்பாட்டி அனுப்புன ஒருத்தனும் திரும்பி வந்ததில்ல. காதுக்குப் பின்னால வரைக்கும் தேச்சு விடுவேன். பேர் தெரியாதவனாருந்தாலும் எதாச்சும் பேர் வச்சுக் கூப்பிட்டுச் சொல்லித்தான் அனுப்புவேன். திரும்பி வர்ற மாதிரி நான் ஒருத்தனையும் அனுப்பல."

மாமா குடையோடு போய்விட்டார். மறுநாள் விடிந்து அம்மா டீ ஆற்றும்போது, "சொல்லிட்டுப் போறேன் சுகி" என்றாள். "ஒரு வார்த்தைதான. மாசக் கடைசி வரைக்குமாச்சும் கூரை இருக்கும். இந்த மழையில எங்க போறது?"

"நீ பண்ணாததப் பண்ணேன்னு சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"பதினாலு வருஷம் ஒழுங்காச் செஞ்ச வேலைய, ஒழுங்காச் செய்யலேன்னு நீயே சொல்லுவியா?"

அவள் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டாள். எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். விடுதிக்குப் போய், பழைய பல்துலக்கி நாலு, ஒரு பாட்டில் வினிகர், சலவைச்சோடா ஒரு பொட்டலம், பழந்துணி, ரப்பர் கையுறை எல்லாம் வாளியில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். திருடவில்லை, கேட்டுத்தான் எடுத்தேன்.

ஞாயித்துக்கிழமை பதினோரு மணி. கொட்டகையைச் சுற்றிப் பத்து வீட்டுச் சனமும் குடை பிடித்து நின்றது. சங்கிலிக்குள்ளே கண்ணாடி வெள்ளையாக மூச்சுப் படிந்து கிடந்தது. அம்மா ஈரத்தலையோடு போய் முன்னால் நின்றாள். வாயைத் திறந்தாள்.

"பூட்டத் தொறங்க" என்றேன் நான். "கூப்புடுறதுன்னா கதவத் தொறந்துதான கூப்புடணும்? பூட்டின வீட்டுக்குள்ள இருக்கறவன் எப்படி வருவான்?"

"ஆமால்ல" என்றார் மாமா.

இந்திராணி அக்கா தாலிக்கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அதெல்லாம் வேணாம். சொர்ணக்கா போனாப் போதும். மெஷின் அப்படியே இருக்கட்டும்."

"அவன் போகாம இவங்க போயி என்னக்கா பிரயோசனம்?" என்று நிர்மலாக்கா கத்தினாள். "எம் பையன் மூச்சு விட முடியாமக் கெடக்கான்!"

"நான் தொறக்க மாட்டேன்."

ஏன் திறக்க மாட்டாள் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும், அவள் வீட்டு ஜன்னல் எல்லாரும் போகிற வழியில்தான் இருக்கு. அப்போது அம்மா மெஷினிடம் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, குனிந்து கண்ணாடியில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இந்திரா, உள்ள இருக்கறது உன் வீட்டுக்காரருன்னா நெனச்ச?"

அவள் சாவியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"அவருதான்னே வச்சுக்கிட்டாலும், இப்படியாம்மா அழுக்கோட போட்டு வைப்ப?"

இந்திராணி அக்கா உதட்டைக் கடித்தாள். பிறகு கழுத்தைக் குனிந்து, தாலியிலிருந்து சாவியைக் கழற்ற முடியாமல், கடைசியில் அப்படியே பூட்டுக்குப் பக்கத்தில் கழுத்தைக் கொண்டுபோய், மெஷினைக் கட்டிப்பிடித்த மாதிரி நின்று திறந்துவிட்டாள்.

சங்கிலி விழுந்தது. கதவைத் திறந்தேன். வந்த வாடையில் முன்வரிசைக் குடையெல்லாம் நாலடி பின்னால் போனது. உள்ளே ஆள் இல்லை. கதவைச் சுற்றி இருக்கிற ரப்பர் மடிப்பை விரலால் பிரித்தேன். கரிச்சட்டியின் அடி மாதிரி கறுப்பு. அதற்குள் தலைமயிர், தெறித்துப்போன ஜாக்கெட் ஊக்குகள், சட்டைப் பட்டன்கள், கொழகொழவென்று பவுடரும் மஞ்சளும். "இதான் ஆளு" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பூசணம், வேறொன்றுமில்லை, நான் சொன்னேனே கேட்டீங்களா என்று கேட்கத்தான் வந்திருந்தேன்.

அம்மா என் கையிலிருந்து கையுறையை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

"தள்ளு. இவன யாருமே குளிப்பாட்டலடி."

அவள் முட்டிபோட்டு உட்கார்ந்தாள். நான் விடுதியில் எந்த வரிசையில் செய்வேனோ அதே வரிசையில்தான் அவளும் செய்தாள், ஆனால் அது என்னுடைய வேலை மாதிரி இல்லை. முதலில் வாய்: ரப்பரின் மேல்பக்கத்தில் வினிகர் நனைத்த துணியை ஒற்றி, ஊறவிட்டு, அழுத்தாமல் துடைத்தாள். மடிப்பை ஒரு கையால் பிடித்து, காதுக்குப் பின்னால் தேய்க்கிற மாதிரி, பல்துலக்கியால் சுற்றிலும் தேய்த்தாள். கீழ்மடிப்பில் தண்ணி வடிய இருக்கிற சின்ன ஓட்டைகளைக் குத்திவிட்டாள். நான் பவுடர் டிரேயை உருவி அலம்பினேன், கீழே இருக்கிற மூடியைத் திறந்து ஃபில்டரைத் திருகினேன். கறுப்புத் தண்ணி ஒரு வாளி வந்தது, அதை அவள் ஒரேயடியாகக் கொட்டவிடாமல், "பாத்து, மெதுவா ஊத்து" என்றாள். நடுநடுவே அவனிடம் ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். "ராசு, கொஞ்சம் திரும்பு. ஆச்சு, ஆச்சு" என்று காதில் விழுந்தது. ராசு என்று பேர் வைத்துவிட்டாள் போல. மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. குடைகள் ஒவ்வொன்றாக நெருங்கி வந்தன. யாரோ ஒருத்தி, யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை, ஒரு தேங்காய்ப்பூத் துண்டைக் கொண்டுவந்து அம்மா தோளில் போட்டுவிட்டுப் போனாள்.

துடைத்து முடித்து, வினிகரை நன்றாக அலசிவிட்டு, துணி எதுவும் போடாமல், டிரம்முக்குள் சலவைச்சோடாவைக் கொட்டி, இருப்பதிலேயே அதிகச் சூட்டில் வைத்து ஓட்டினேன். ரெண்டு மணி நேரம் பத்து நிமிஷம் ஓடியது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் உள்ளேயிருந்து கொண்டுவருகிற வரைக்கும் நிற்பார்களே, அப்படி நின்றார்கள். தண்ணி கொதிக்கும்போது உள்ளேயிருந்து கண்ணாடியில் மூன்று தடவை தட்டுகிற சத்தம் கேட்டது. பம்ப் சத்தமாக இருக்கலாம். விடுதி மெஷினில் நான் அப்படிக் கேட்டதில்லை.

ஓடி முடிந்ததும் அம்மா கதவைத் திறந்தாள். ஆவி வெளியே வந்தது. எல்லா மெஷினிலும் வரும். ஆனால் இது மேலே போகாமல், ஆள் உயரத்தில், குடைகளுக்கு நடுவே வழி கேட்கிற மாதிரி நகர்ந்து போனது. சனங்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். சுப்பையா மாமா தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அது மழைக்குள் போனது. அதற்கப்புறம் மழைதான் இருந்தது.

"இனி சாத்தாதீங்க" என்றாள் அம்மா. "தொடச்சு, தொறந்து வைங்க."

மெஷின் முன்னால் நின்று சொல்லச் சொன்ன வார்த்தையை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. மாசக் கடைசி வந்தது, போனது, எங்களைக் காலி செய்யச் சொல்லி யாரும் வரவில்லை. மன்னிப்பு என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை, எங்கள் லைனில் அந்தப் பழக்கம் கிடையாது. துணிகள் கசங்கிச் சுருண்டு, துணியாகவே வந்தன. நிர்மலாக்கா பையனுக்கு இழுப்பு நின்றது.

புரட்டாசி முதல் வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் இந்திராணி அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். எங்கள் வீட்டுப் படியை அவள் ஏறியது அதுதான் முதல் தடவை. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். அக்கா கையில் தவமணி அண்ணனுடைய ஊதாக் கோடு போட்ட சட்டை, துவைத்து, தேய்த்து, மடித்தது.

"சுகி, அவன் உங்க அம்மா பின்னாலதான வந்தான்? குளிப்பாட்டினவங்க பின்னாலதான வருவான்? இங்கதான இருக்கான்?"

அவன் இங்கே இல்லை. வீட்டில் நானும் அம்மாவும் ரெண்டு பாத்திரமும்தான். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் சட்டையை நீட்டியபடியே நின்றாள். கழுத்தில் தாலிக்கயிறு சாவி இல்லாமல் தொங்கியது.

"ஒரே ஒரு தடவ போட்டுப் பாக்கச் சொல்லுடி" என்றாள்.

வாங்கிக்கொண்டேன். மறுநாள் காலையில் அந்தச் சட்டையை என் சுடிதாருக்கு மேலே மாட்டி, கழுத்து வரைக்கும் பட்டன் போட்டுக்கொண்டு விடுதிக்குப் போனேன். முப்பத்திரண்டு போர்வை, பதினாறு தலையணை உறை. சுடுதண்ணி ஆவியில் நின்று, குனிந்து நிமிர்ந்து, முழங்கையை மடித்து மடித்து, சாயங்காலம் வரைக்கும் கழற்றவில்லை. திரும்பி வந்து, சூடு ஆறுவதற்குள் அவள் வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுத்தேன்.

அவள் காலரை மூக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள்.

"தேங்காண்ணெ வச்சிருக்காரு" என்றாள்.

நான் பொய் சொல்கிறவள் இல்லை. யார் போட்டது என்று அவள் கேட்டிருந்தால் நான்தான் என்று சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை.